சேது காத்தவர்களும் எல்லை காப்பவர்களும்

பாம்பன் தீவின் தென்கரையில் இருக்கிறது குந்துகால். இப்போது அங்கே மீன்பிடி இறங்குதளம், ஐஸ் ஏற்றி வரும் வண்டிகள், கொஞ்சம் தள்ளி விவேகானந்தர் நினைவு மண்டபம். 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியாக வந்த விவேகானந்தரை ராமநாதபுரத்துப் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்தது இந்தக் கரையில்தான். அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு படை கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. மதுரை அரியணைக்காகப் பாண்டியர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட 12-ஆம் நூற்றாண்டில், இலங்கை மன்னன் பராக்கிரமபாகு அனுப்பிய தளபதி இலங்காபுரன் ராமேசுவரத்தைப் பிடித்து, குந்துகாலில் மதிலும் அகழியுமாக ஒரு கோட்டை எழுப்பி, அதற்குத் தன் அரசன் பெயரை வைத்தான் என்கிறது இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம். அந்த இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாசலில் அறையப்பட்டது என்கிறது சோழர் கல்வெட்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். இலங்கையிலிருந்து மதுரைக்குப் போக நினைத்தவனும், அவனைத் தடுக்க நினைத்தவனும் முதலில் கணக்குப் போட்டது இந்தத் தண்ணீரைத்தான்.

அதற்குக் காரணம் கடலின் அடியில் இருக்கிறது. வடகடலான பாக் நீரிணையும் தென்கடலான மன்னார் வளைகுடாவும் இங்கே முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கின்றன. நடுவில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மணல் தீடைகள்; சேது என்பது இதைத்தான். சில இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். பெரிய கப்பலுக்கு அங்கே வழியில்லை. சிறிய கப்பலும் தோணியும் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போக மேற்கே மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வாய்க்கால்தான் கதி. அந்த வாயைப் பிடித்தவன் கையில் இரண்டு கடலின் கரையோரப் போக்குவரத்தும் சிக்கிவிடும். சோழமண்டலக் கரைக்கும் முத்துக்குளித்துறைக்கும் நடுவே அரிசி, துணி, சங்கு, மிளகு, குதிரை என்று எது போனாலும் இங்கே யாருக்காவது பதில் சொல்லியாக வேண்டும்.

போர்த்துக்கீசியர் இதை வந்த சில ஆண்டுகளிலேயே புரிந்துகொண்டார்கள். மண்டபத்துக்கு மேற்கே வேதாளை என்ற ஊர் இருக்கிறது. இன்று அந்தப் பெயர் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் கடத்தல் பிடிபடும்போதுதான். 1538-இல் இந்தக் கரையில்தான் மார்த்திம் அபோன்சோ டி சௌசாவின் கப்பல்கள் மலபார் மரக்காயர்களின் கப்பற்படையை முறியடித்தன. இலங்கைக்கு உதவிக்குப் போய்க்கொண்டிருந்த படை அது. அந்த வெற்றிக்குப் பின் முத்துக்குளித்துறைக் கடல் போர்த்துக்கீசியர் கைக்குப் போனது. அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேதாளையில் அகழி வெட்டி, ராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களை மறித்துக் காசு வாங்கத் தொடங்கினார்கள். 1549-இல் விஜயநகரத்தின் வடுகர் படை வந்து அந்தக் காவலைத் துடைத்தெறிந்தது. அந்தச் சண்டையில் இறந்தவர்களில் அந்தோணியோ கிரிமினாலி என்ற இளம் இயேசு சபைப் பாதிரியாரும் ஒருவர். நீரைக் காவல் காக்கிறேன் என்று நின்றவர்கள் வழியை அடைத்தார்கள்; வழியைத் திறக்க இன்னொரு படை வரவேண்டியிருந்தது.

சேதுபதிகளின் கதை இங்கிருந்துதான் பொருள்படுகிறது. ராமேசுவரப் பாதையில் கள்ளர் பயம் மிகுந்திருந்தபோது மதுரை நாயக்கரின் குருவைப் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர் சடைக்கத் தேவர் என்பது மரபு. 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் அவரைச் சேதுபதியாக அமர்த்தினார். பட்டயங்களில் சேதுபதிகள் தங்களைச் சேதுவைக் காக்கும் பொறுப்பு ஏற்றவர்கள் என்றும், ராமநாதசுவாமியின் காரியம் பார்ப்பவர்கள் என்றும் எழுதிக்கொண்டார்கள். அந்தக் காவலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மறவர் சீமையின் காவல் முறையில் ஊர் காவலனுக்குக் காவல் வரி கொடுக்கும். பொருள் களவு போனால் காவலன் அதை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கொடுக்கவேண்டும். காவலன் கொள்ளையடித்ததும் உண்டு, வரி கொடுக்காத ஊரில் களவு நடத்தியதும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் இழப்புக்குக் காவலனே பொறுப்பு என்ற விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காவலின் தடம் இன்றும் தரையில் கிடக்கிறது. மண்டபம் தொடங்கி அக்காள்மடம், தங்கச்சிமடம் வழியாக ராமேசுவரம் வரை மடங்களும் சத்திரங்களும் யாத்திரிகனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிவிட்டன. கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை 18-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தவர் முத்துராமலிங்க சேதுபதி. ரகுநாத கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்களும் அவர் ஆட்சியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. சீதக்காதி என்று தமிழ் கொண்டாடும் வள்ளல் அந்தக் கீழக்கரை வணிகர்தான்.

பாம்பனுக்காகப் பெரிய சண்டைகளும் நடந்தன. திருமலை நாயக்கர் தளவாய் ராமப்பய்யனை அனுப்பி இரண்டாம் சடைக்கனை அடக்கியபோது, தீவில் ஒதுங்கியிருந்த சேதுபதியைப் பிடிக்கக் கடலில் கல் போட்டுப் பாதை அமைத்த கதையை ராமப்பய்யன் அம்மானை விரிவாகப் பாடுகிறது. 1658-இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடுங்கிய டச்சுக்காரர்கள் சுற்றிலும் வளைத்துவிட்டார்கள். ஆனாலும் பாம்பன் வாய் சேதுபதியிடம் இருந்ததால் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டுதான் போக வேண்டியிருந்தது. 1772-இல் ஆர்க்காடு நவாபும் கிழக்கிந்தியக் கும்பினியும் சேர்ந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தார்கள். சிறுவனாகச் சிறைபோன முத்துராமலிங்க சேதுபதி மீண்டு வந்து ஆண்டார். 1795-இல் கும்பினி அவரை மறுபடி நீக்கியது. சென்னைக் கோட்டையில் சிறையிலேயே 1809-இல் இறந்தார். 1803-இல் ராமநாதபுரம் ஜமீன் ஆனபோது காவல் உரிமையும் போயிற்று, படையும் போயிற்று.

வெள்ளையர் படை இந்த நீருக்கு வந்தது கடப்பாரையும் வெடிமருந்துமாக. பாம்பன் வாய்க்காலை ஆழப்படுத்தலாமா என்று 1820-களில் அளந்து பார்த்த சென்னை ராணுவப் பொறியாளர்களில் ஆர்தர் காட்டனும் ஒருவர். பின்னாளில் கோதாவரியிலும் காவிரியிலும் பேர் வாங்கியவர், இளவயதில் பாம்பனின் பாறைகளோடு போராடியிருக்கிறார். சாப்பர்கள் என்ற ராணுவப் பொறிவேலைக்காரர்களும் கைதிகளும் ஆண்டுக்கணக்கில் பாறையை உடைத்தார்கள். 1854 வாக்கில் வாய்க்கால் 80 அடி அகலம், 14 அடி ஆழம் ஆயிற்று. 1860-இல் கமாண்டர் டெய்லர் பெரிய கப்பல்களுக்கே வழி வெட்டலாம் என்று திட்டம் கொடுத்தார். சேது சமுத்திரத் திட்டத்தின் மூத்த வரைவு அது. 1869-இல் சூயஸ் திறந்தது, சேது வெட்டப்படவில்லை. சூயஸுக்குப் போனதெல்லாம் பெரிய படைகள். 1914-15-இல் அந்தக் கால்வாயின் கரையைக் காத்தவை இந்திய ராணுவத்தின் 10, 11-ஆம் டிவிஷன்கள். 1915 பிப்ரவரி 3 அன்று துருக்கிப் படை படகுகளோடு கால்வாயைக் கடக்க முயன்றபோது எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அயல்நாட்டு நீர்வழி ஒன்றுக்கு நம் நாட்டு ஆள்கள் இப்படி உயிர் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பாம்பனில் 1914 பிப்ரவரி 24-இல் திறந்த ரயில் பாலம் போட்மெயிலைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அந்தச் செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் மேற்கே போனது. சேதுவின் ஆழமில்லாத தண்ணீரே இந்தக் கரைக்கு அரணாக இருந்தது. டிவிஷன் எதுவும் இங்கே தேவைப்படவில்லை.

அந்தப் போட்மெயில் காலத்தில் இந்தக் கடலில் காவல் என்றால் சுங்கம், துறைமுக அலுவலகம், மண்டபம் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்த்தடுப்புக்காக மண்டபத்தில் தங்கவைத்துச் சோதித்துத்தான் தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். கருணையான இடமென்று அதைச் சொல்ல மாட்டேன். போகிறவர்களைப் பிடித்து நிறுத்தவே அமைந்த இடம் அது. ஆனாலும் நிறுத்தியது அனுப்புவதற்காக. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய ராமானுஜம் கப்பல், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழரைச் சுமந்து வந்தது. தேயிலைக்காகப் போனவர்களின் பேரன்மார் மூட்டைமுடிச்சோடு அதே கரைக்கு வந்து இறங்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்தக் கப்பலும் நின்றது.

1974 ஜூனிலும் 1976 மார்ச்சிலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் கடலில் எல்லையைக் கீறின. ராமநாதபுரம் ஜமீனுக்குள் இருந்த கச்சத்தீவு, 285 ஏக்கர் நிலம், கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. 1974 ஒப்பந்தத்தில் மீனவரும் யாத்திரிகரும் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்றிருந்தது. 1976-இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதம் ஒரு நாட்டவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக்கூடாது என்று முடித்துவிட்டது. பாக் நீரிணையில் எத்தனை அரசுகள் வந்து போயிருந்தாலும் அதுவரை யாரும் நீரின் நடுவே நிற்கவில்லை, கரையில்தான் நின்றார்கள். இப்போதுதான் முதன்முதலாக, மீன் நீந்திப்போகும் இடத்தில் மனிதன் நிற்கவேண்டிய கோடு வந்தது.

அந்தக் கோட்டுக்குக் காவல் உடனே வரவில்லை. இலங்கையில் நடந்த 1983 இனக்கலவரத்துக்குப் பிறகுதான் அது கனத்தது. அகதிகள் படகு படகாக இறங்கினார்கள். மண்டபம் முகாம் மறுபடி நிறைந்தது. 1987 ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் ஏற்றி ராமேசுவரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் பொருள்களை வானிலிருந்து போட்டன. ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் 54-ஆம் டிவிஷன் தொடங்கி இந்திய ராணுவம் கடல் தாண்டிப் போனது. 1990 மார்ச்சில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களைப் பலிகொடுத்துத் திரும்பியது. அந்த ஆண்டு ஜூனிலேயே கடற்படையும் கடலோரக் காவல்படையும் சேர்ந்து ‘ஆபரேஷன் தாஷா’ என்ற ரோந்தைத் தொடங்கின. பாக் நீரிணையில் இன்றுள்ள காவல் அமைப்புக்குக் கால்கோள் அதுதான். 1994-இல் தமிழகக் காவல்துறை தன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கரைநெடுக கடல் காவல் நிலையங்களும், மீனவர்களுக்கு அடையாள அட்டைகளும் வந்தன. 2009 மார்ச்சில் உச்சிப்புளிக் கடற்படை விமான தளம் ‘ஐஎன்எஸ் பருந்து’ என்று பெயர் பெற்றது. ஆளில்லா விமானங்கள் அங்கிருந்து எழும்புகின்றன.

இன்றைய காவலின் நடமாட்டத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம். மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராப்ட் நிற்கிறது. அடியில் ரப்பர் பாவாடை, உள்ளே ஊதிய காற்று. அந்தக் காற்றின் மேல் மிதந்து தண்ணீரிலும் மணலிலும் ஓடும். கப்பல் போகமுடியாத தீடைப் பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. ஆண்டுக்கு இருமுறை ‘சாகர் கவச்’ ஒத்திகை நடக்கும். தீவிரவாதி வேடத்தில் வருகிறவர்களை மீனவர்களும் போலீசாரும் பிடித்துக்கொடுக்க வேண்டும். கடல் அட்டை, கஞ்சா, பீடி இலை, சமையல் மஞ்சள், தங்கம் எல்லாம் இந்த வழியாகத்தான் போகவும் வரவும் செய்கின்றன. கடல் அட்டையைப் பிடிப்பதே 2001 முதல் குற்றம். ஆகவே வனத்துறையும் சுங்கமும் காவலில் சேர்ந்துவிட்டன. ஒரு நாட்டுப்படகுக்காரர் கரையை விட்டுப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை சீருடைகளுக்குப் பதில் சொல்கிறார் என்று எண்ணிப்பார்த்தால் ஒரு கை விரல் போதாது.

விசைப்படகுக்காரரின் நிலை இதைவிடச் சிக்கல். மீன்வளத்துறையின் டோக்கன் வாங்கித்தான் ராமேசுவரம் ஜெட்டியை விட்டுக் கிளம்பமுடியும். தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையையொட்டிய சில கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. அதற்குள் இழுவலை போடக்கூடாது. அந்தப் பக்கம் எல்லைக் கோடு. நடுவில் மிஞ்சுவது ஒரு கீற்று. அந்தக் கீற்றில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே இரவில் வலை இழுத்தால் கடலடியில் என்ன மிஞ்சும்? ஆகவே கோட்டைத் தாண்டுகிறார்கள். இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு மயிலிட்டியிலோ காங்கேசன்துறையிலோ மக்கிப்போகிறது. 2017 மார்ச் 6 இரவு தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. 2022 அக்டோபரில் நம் கடற்படையே தமிழகப் படகு ஒன்றின் மீது சுட்டது, ஒரு மீனவர் காயமடைந்தார். நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்பது கடற்படை சொன்ன காரணம்.

இதில் அந்தக் கரையையும் பார்க்கவேண்டும். போர்க்காலத்தில் கடலில் இறங்கவே விடப்படாத யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் 2009-க்குப் பின் வலையை எடுத்துக்கொண்டு வந்தபோது, அவர்கள் கடலில் நம் இழுவைப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களின் வலைகள் அறுந்தன. அவர்களும் தமிழர், அவர்களும் கடனில் வலை வாங்கியவர்கள். இலங்கை 2017-இல் இழுவை மடி முறையையே தடை செய்தது. நம் கரைப் பேச்சில் இந்தப் பக்கம் அடிக்கடி விட்டுப்போவது எனக்கு வருத்தம்.

பழைய காவல் விதியை இங்கேதான் நினைக்கிறேன். களவு போனதற்குக் காவலன் ஈடு கொடுக்கவேண்டும் என்று மறவர் சீமை ஒப்பந்தம் போட்டிருந்தது. இன்று ராமேசுவரத்தில் படகை இழந்தவர் யாரிடம் போவார்? ஒருவர் மீன்வளத்துறை, ஒருவர் போலீஸ், ஒருவர் கடலோரக் காவல்படை, ஒருவர் கடற்படை, மேலே வெளியுறவு அமைச்சகம். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகவே செய்கிறார்கள். அதில் பொறுப்பு மட்டும் யார் கையிலும் தங்குவதில்லை. மாநில அரசு நிவாரணம் தருகிறது. அது உதவி, ஈடு அன்று. கப்பலில் நிற்கும் இளம் மாலுமி ராஜஸ்தானிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து சில ஆண்டுகளில் வேறு தளத்துக்குப் போகிறவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாடைக்காற்றில் நங்கூரம் அறுந்து படகு எந்தப் பக்கம் இழுபடும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையில் சேர்த்தது நல்ல காரியம். அதை இன்னும் விரிக்கலாம்.

காப்பவர்களின் பெருமையையும் சொல்லவேண்டும். 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசியும் பால்மாவும் கிடைக்காமல் போனபோது, படகுக்காரர்கள் குடும்பம் குடும்பமாகத் தமிழர்களைத் தனுஷ்கோடிக்கு அருகே மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போனார்கள். நாலு பக்கமும் கடல், தலைக்கு மேல் வெயில், கைக்குழந்தை. அவர்களைத் தீடையிலிருந்து தூக்கிவந்தது மண்டபத்தின் அதே ஹோவர்கிராப்ட். சட்டத்தின் கண்ணில் அவர்கள் கடவுச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டியவர்கள். கொண்டுபோய் விட்டது மண்டபம் முகாமில். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குக் கூப்பிட்டு நடுக்கடலில் உயிர்பிழைத்த மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். எல்லை காப்பதற்காக வாங்கிய வாகனம் ஆளைக் காத்திருக்கிறது. இந்த இரண்டாவது வேலைதான் சேதுவில் மூத்த வேலை என்று நான் நம்புகிறேன்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தது. பழைய பாலத்தின் தூக்குக் கைகளைத் தொழிலாளர்கள் கைப்பிடி சுற்றித் திறந்தார்கள்; புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. அன்று தூக்கிய பாலத்தின் அடியில் கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்று சென்றது. ரயில் ராமேசுவரம் வரை வருகிறது. அதற்கப்பால் தலைமன்னாருக்குக் கப்பல் விடுவது பற்றி இரு அரசுகளும் பேசி வருகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்க முடிந்தது. அதைவிடக் குறுகிய இந்த வழிக்கும் அந்த நாள் வரவேண்டும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நடக்கிறது. ராமேசுவரத்திலிருந்து பதிவு செய்த பக்தர்கள் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் போகிறார்கள். ஜெட்டியில் போலீஸ், சுங்கம், மீன்வளத்துறை சோதனை. எல்லை வரை இந்தியக் காவல் கூடவே போகும். அங்கிருந்து இலங்கைக் கடற்படை பொறுப்பெடுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களும் இங்கிருந்து போகிறவர்களும் அந்தத் தீவில் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள், உறவு விசாரிக்கிறார்கள், மறுநாள் திரும்பிவிடுகிறார்கள்.  அதற்குப் பெயர்ப் பட்டியல் ஒன்றும் இரு பக்கத்து அதிகாரிகள் முன்கூட்டிப் பேசிவைத்த நேரமும் போதுமாயிருந்தன. இரு கரை மீனவர் சங்கங்கள் உட்கார்ந்து பேசவும், பிடிபட்ட படகை மக்குவதற்குள் திருப்பித் தரவும், தலைமன்னார்க் கப்பலுக்கும் இதே பட்டியலும் இதே பேச்சும்தான் வேண்டும். இரு நாட்டு அதிகாரிகளுக்கும் அதைச் செய்யத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.